நாங்கள் பார்க்க வேண்டிய ஐரிஷ் படங்கள்

(வோல்தம்ஸ்ரோவில் நடந்த எமது சங்கத்தின் மாதாந்தக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் அண்ணை என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுறது என்று கேட்டனான். "நீர் எந்த நேரமும் படம் படமெண்டு திரியிறீர், அதைப் பற்றியே பேசும்" என்றார். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். பக்டரியில் வேலை செய்கிறவன். சினிமாவைப் படித்துவிட்டுப் பேச வரவில்லை, பார்த்துவிட்டுப் பேச வந்திருக்கிறேன். ஆனபடியால் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஏன் ஐரிஷ் படம் என்று கேட்பீர்கள். என்னோடு இரவு வேலை செய்த ஓர் ஐரிஷ்காரப் பெரியவர்தான் காரணம். ஒருநாள் சாப்பாட்டு நேரம் ஒரு டிவிடியை எனக்கு முன்னால் வைத்து, "கீழே எழுத்தைப் போட்டுக்கொண்டு பார், கோர்க் ஆக்கள் கதைக்கிறது எனக்கே விளங்காது" என்றார். அன்றைக்குப் பிடித்தது இந்த வருத்தம். உங்களுக்கும் என்னுடைய முதல் புத்திமதி அதுதான். எழுத்தைப் போட்டுக்கொண்டு பாருங்கோ, வெட்கப்படத் தேவையில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் படம் என்று நான் சொல்லுவது ஐரிஷ்காரரின் கதையைச் சொல்லுகிற படங்களை. எடுத்தவர் சில வேளை ஆங்கிலேயராகவும் இருப்பார். கதை அவர்களுடையதா என்பதுதான் என்னுடைய கணக்கு.

அயர்லாந்து சின்ன இடம். 1841இல் அந்தத் தீவில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் இருந்தது. 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தொடங்கியது. பத்து இலட்சம் பேரளவில் செத்தார்கள். அதற்கும் கூடுதலானவர்கள் கப்பலேறிப் போனார்கள். இன்றைக்கும் அந்தத் தீவின் சனத்தொகை பழைய கணக்கை எட்டவில்லை. அப்படியான நாட்டில் படம் எடுக்கக் காசு எங்கே? 1981இல் அரசாங்கம் ஒரு திரைப்படச் சபையைத் தொடங்கி, 1987இல் செலவைக் குறைக்கிறோம் என்று மூடிவிட்டது. பிறகு 1990இல் 'மை லெவ்ற் பூட்' என்ற படத்துக்கு இரண்டு ஒஸ்கார் விருது கிடைத்தது. 1993இல் சபையைத் திரும்பவும் திறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த படங்கள்தான் நான் சொல்லப் போகிறவற்றில் கூட.

முதலாவது படம் 'இன் த நேம் ஒவ் த பாதர்'. 1993இல் ஜிம் ஷெரிடன் எடுத்தது. கதை உண்மைக் கதை. 1974 ஒக்ரோபரில் கில்போர்ட் நகரத்தில் மதுச்சாலைகளில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்து 5 பேர் செத்தார்கள். லண்டனில் கொஞ்சக் காலம் திரிந்துவிட்டுப் பெல்பாஸ்ற்றுக்குத் திரும்பிப் போன ஜெரி கொன்லன் என்ற 20 வயதுப் பெடியனையும் இன்னும் மூன்று பேரையும் பிடித்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மகனுக்கு உதவி செய்ய லண்டன் வந்த தகப்பன் ஜுசெப்பேயையும் பிடித்து உள்ளே போட்டார்கள். அந்த மனுசன் 1980இல் கைதியாகவே செத்துப்போனார். மகன் 1989இல்தான் வெளியில் வந்தார். நாலு பேரும் குற்றமற்றவர்கள்.

அவர்களைத் தடுத்து வைத்தது 1974 நவம்பரில் இந்த நாட்டில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தின் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஐந்து வருசம் கழித்து, 1979இல், இலங்கையில் எங்களுக்கு வந்த சட்டத்துக்கும் அதே பெயர், அதே 'தற்காலிக ஏற்பாடுகள்'. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக எடுக்கலாம் என்பது எங்கட சட்டத்தில் இருந்தது. ஒரு கையெழுத்தால் எத்தனை வருசம் போகும் என்று இங்கே இருக்கிற ஆருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

படத்தில் பிழைகளும் உண்டு. தகப்பனும் மகனும் ஒரே அறையில் இருந்ததாகக் காட்டுவது உண்மையில் அப்படி நடந்ததல்ல. கோர்ட்டில் சட்டத்தரணி பெண் எழும்பி வாதாடுவதும் படத்துக்காகச் செய்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கோ. படம் சரித்திரப் புத்தகம் அல்ல. ஆனால் அடிப்படை உண்மை. 2005இல் பிரதமர் ரொனி பிளேயர் அந்தக் குடும்பங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இந்தப் படத்தை எங்கட சனம் எல்லாரும் விரும்பும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் இதில் பிழை விட்டவன் மற்றவன். அநியாயம் செய்யப்பட்டவன் எங்கட ஆள் மாதிரி ஓர் ஆள். அப்படியான படத்தைப் பார்ப்பது லேசு. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது லேசில்லாத படங்களையும் பற்றி. அதுக்கு முதல், குடும்பத்தோடு இருந்து பார்க்கக்கூடிய இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று 'புரூக்ளின்', 2015இல் வந்தது. 1950களில் எனிஸ்கோர்த்தி என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு பிள்ளை நியூயோர்க்குக்கு வேலைக்குப் போகிறாள். சேர்ஷா ரோனன் என்ற நடிகை. அங்கே இருக்கும்போது ஊரில் தமக்கை செத்துப்போகிறாள். போக முடியாது. தாயோடு ரெலிபோனில் கதைக்கிறது மட்டும்தான். எங்களில் எத்தனை பேர் விசா இல்லாமல் தாய் தகப்பனுடைய செத்தவீட்டை வீடியோவில் பார்த்தவர்கள்! அந்த இடத்தில் நான் படத்தை நிற்பாட்டிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணி குடித்தனான்.

மற்றது 'த குவைட் கேர்ள்', 2022. கொலம் பரேட் எடுத்தது. ஐரிஷ் மொழியிலேயே எடுத்த படம். ஒஸ்காரில் பிறமொழிப் படங்களுக்கான பிரிவில் போட்டிக்குத் தெரிவான முதல் ஐரிஷ் மொழிப் படம் இதுதான். 1981ஆம் ஆண்டு. பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டில் கவனிப்பாரில்லாத ஒரு சிறுமி, கோடை காலத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடப்படுகிறாள். அந்த வீட்டு மனுசன் முதலில் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை. ஒருநாள் ஒன்றும் பேசாமல் மேசையில் ஒரு பிஸ்கற்றை வைத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பிஸ்கற் எங்கட படங்களில் வருகிற பத்துப் பக்க வசனத்துக்குச் சமம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளையின் தகப்பன் இங்கிலிசில் கதைக்கிறார். அவளை அன்பாகப் பார்க்கிற இரண்டு பேரும் ஐரிஷ் மொழியில் கதைக்கிறார்கள். நாங்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். வீட்டில் ஏச்சுக்கு மட்டும் தமிழைப் பாவிக்கிறோம். அன்புக்கும் தமிழைப் பாவித்தால் பிள்ளை தானாகப் பேசும் என்று அந்தப் படம் எனக்குச் சொன்னது.

அந்தப் படத்தின் மூலக்கதை கிளேயர் கீகன் என்ற பெண் எழுத்தாளருடையது. அவருடைய இன்னொரு கதையும் 2024இல் படமாக வந்தது, 'ஸ்மோல் திங்ஸ் லைக் தீஸ்'. இதிலிருந்துதான் லேசில்லாத பகுதி தொடங்குகிறது. 1985 கிறிஸ்மஸ் காலம். நிலக்கரி விற்கிற ஓர் ஆள், கிலியன் மேர்பி நடித்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற மடத்துக்கு நிலக்கரி கொண்டுபோன இடத்தில், கரிக் கொட்டிலுக்குள் ஒரு பிள்ளையை அடைத்து வைத்திருப்பதைக் காண்கிறார். 'கெட்டுப்போன பெண்கள்' என்று பெயர் வைத்து, பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆதரவில்லாத பிள்ளைகளையும் அடைத்துச் சம்பளமில்லாமல் உடுப்புத் தோய்க்க வைத்த இடங்கள் அவை. கடைசி இடம் மூடினது 1996இல். 2013இல்தான் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

ஊருக்கெல்லாம் தெரியும், ஒருவரும் கதைக்கமாட்டார்கள். "உங்களுக்கு ஏன் தேவையில்லாத வேலை" என்ற மாதிரி மனுசி கேட்கிறா. நிலக்கரி வியாபாரம் செய்கிற மனுசன், அஞ்சு பெண்பிள்ளைகளின் தகப்பன், என்ன செய்வார்? முடிவை நான் சொல்லவில்லை. இங்கே பிழை விட்டது வெள்ளைக்கார அரசாங்கம் இல்லை, அவர்களுடைய சொந்தத் திருச்சபை, சொந்த ஊர். அதையும் அவர்களே படமாக எடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது உண்ணாவிரதம் பற்றிய இரண்டு படங்கள். 1981இல் வட அயர்லாந்து மேஸ் சிறையில் பொபி சான்ட்ஸ் 66 நாள் சாப்பிடாமல் இருந்து, மே மாதம் 5ஆம் திகதி, 27 வயதில் இறந்தார். அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் இறந்தார்கள். எங்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1987இல் நல்லூர் வீதியில் திலீபன் தண்ணியும் குடிக்காமல் 12ஆம் நாள் இறந்ததும், 1988 சித்திரையில் மட்டக்களப்பில் அன்னை பூபதி இறந்ததும் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

'ஹங்கர்' 2008இல் வந்தது. எடுத்தவர் ஸ்ரீவ் மக்குயீன், லண்டனில் பிறந்த கறுப்பினத்தவர். படம் தொடங்குவது பொபி சான்ட்ஸோடு இல்லை. கைதிகளை அடித்து அடித்துக் கை காயப்பட்ட ஒரு சிறைக்காவலன் தண்ணியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது காருக்கு அடியில் குனிந்து குண்டு இருக்குதோ என்று பார்க்கிறான். பிறகு தன்ர தாயைப் பார்க்கப் போன இடத்தில், தாய்க்கு முன்னாலேயே அவனைச் சுடுகிறார்கள். நடுவில் பொபி சான்ட்ஸும் ஒரு பாதிரியாரும் மேசையில் இருந்து கதைக்கிற காட்சி. கமரா அசையாமல் ஒரே ஷொட்டில் 17 நிமிடமளவில் போகிறது. பாதிரியார் அவருடைய ஆள்தான். ஆனாலும் இது சரியில்லை என்று முகத்துக்கு நேரே வாதாடுகிறார். அவர் கோழையாகவும் காட்டப்படவில்லை, துரோகியாகவும் காட்டப்படவில்லை. சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை.

மற்றது 'சம் மதர்ஸ் சன்', 1996. அதே உண்ணாவிரதம், ஆனால் தாய்மாரின் பக்கத்திலிருந்து. நினைவு தப்பின மகனுக்கு வைத்தியம் செய்யச் சொல்லித் தாய் கையெழுத்து வைக்கலாம். வைத்தால் மகன் பிழைப்பான், அவனுடைய கொள்கையை முறித்ததாகும். ஒரு தாய் வைக்கிறா, இன்னொரு தாய் வைக்கவில்லை. படம் இரண்டு பேரையும் பிழை சொல்லவில்லை. உண்மையிலும் அப்படிக் குடும்பங்கள் தலையிட்டதுதான் 1981 ஒக்ரோபரில் உண்ணாவிரதம் முடிந்ததற்கு ஒரு பெரிய காரணம்.

இனி, அந்தப் பெரியவர் எனக்குத் தந்த டிவிடி. 'த வின்ட் தற் ஷேக்ஸ் த பார்லி', 2006. எடுத்தவர் கென் லோச் என்ற ஆங்கிலேயர். கதை எழுதின போல் லவர்ட்டி கல்கத்தாவில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டு, கோர்க் பகுதி. டேமியன் என்பவன் படித்த டொக்டர், லண்டனுக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டவன். பிரித்தானியப் படையின் அட்டூழியத்தைப் பார்த்துப் போகாமல் நின்று, தமையனோடு இயக்கத்தில் சேருகிறான். பாதிப் படம் வரைக்கும் எங்களுக்குக் கை தட்டலாம் போல இருக்கும்.

பிறகு ஒரு பெடியன் வருகிறான். தோட்டத்தில் வேலை செய்கிற சின்னப் பெடியன், இவர்களோடயே வளர்ந்தவன். முதலாளி வெருட்டினதால் காட்டிக் கொடுத்துவிட்டான். தண்டனை மரணம். சுட வேண்டியவன் டேமியன். சுட்டுவிட்டு, அந்தத் தாயிடம் போய்த் தானே சொல்லுகிறான். அவ ஒன்றும் பேசாமல், புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி அவனோடு மணித்தியாலக்கணக்காக நடந்து வந்து, மகன்ர குழியைப் பார்த்துவிட்டு, இனி உன்ர முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லுகிறா. கவனியுங்கோ, அந்த நடையைப் படத்தில் காட்டவில்லை. டேமியன் வாயால் சொல்லுகிறான், நாங்கள் கேட்கிறோம். நான் பார்த்த எல்லாப் படத்திலும் என்ர மனதில் நன்றாகப் பதிந்தது, காட்டாத அந்தக் காட்சிதான்.

1921 மார்கழியில் ஒப்பந்தம் வருகிறது. ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் 1922இல் ஒருவரை ஒருவர் சுடத் தொடங்குகிறார்கள். புதிய அரசு மட்டும் 70இற்கும் மேற்பட்ட தன் பழைய தோழர்களுக்கு மரண தண்டனை கொடுத்தது. படத்தில் தமையன் ஒரு பக்கம், தம்பி மற்றப் பக்கம். முடிவில், அந்தத் தாய் சொன்ன அதே வார்த்தையை இன்னொரு பெண் இன்னொருவனுக்குச் சொல்லுகிறா. ஆர் ஆருக்கு என்று பார்த்து அறியுங்கோ.

இந்தப் படம் என்னை ஏன் பிடித்துக்கொண்டது என்று சொல்லத்தான் வேண்டும். எங்கட ஊரில், நான் பிறக்கிறதுக்கு முதல், ஒரு பெடியனைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லிச் சுட்டார்கள். எந்த இயக்கம் என்று சொல்ல நான் வரவில்லை. அவன் உண்மையில் காட்டிக்கொடுத்தானோ என்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவன்ர தாயை மட்டும்தான். எங்கட வளவுக்கும் அவவின்ர வளவுக்கும் நடுவில் ஒரு கதியால் வேலி. முந்தி அதில் ஒரு பொட்டு இருந்ததாம், அதுக்குள்ளாலதான் இரண்டு வீட்டாரும் போய் வாறது. மகன் செத்த கிழமை அந்தப் பொட்டை அடைத்துவிட்டினம். நான் வளர்ந்த காலத்தில் அந்த இடத்தில் மட்டும் கதியால்கள் நெருக்கமாக நிற்கும். ஏன் என்று கேட்டால் ஒருவரும் மறுமொழி சொல்லமாட்டினம். அந்த அம்மா வேலிக்கு மேலால் எனக்குக் கொய்யாப்பழம் தருவா.

படம் பார்த்து முடிய ஊருக்கு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் அந்தச் செத்தவீட்டுக்குப் போகேல்லை, தம்பி" என்றா. அதுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசிப் படம் எல்லாவற்றிலும் பழையது, ஆனால் எங்களுக்கு மிகக் கிட்ட. படம் எடுக்கிறதில் பெரிய ஆள் என்று உலகம் சொல்லுகிற அல்பிரட் ஹிச்கொக் பிறந்தது இங்கே பக்கத்தில், லேய்ரன்ஸ்ரோனில், 1899இல். அங்கத்தைய ரியூப் ஸ்ரேசன் சுவரில் அவருடைய படக் காட்சிகளைச் சின்னச் சின்னக் கல்லாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். அவர் 1930இல் ஒரு ஐரிஷ் நாடகத்தைப் படமாக்கினார், 'ஜூனோ அன்ட் த பேகொக்'. டப்ளினில் ஓர் ஏழைக் குடும்பம், உள்நாட்டுச் சண்டைக் காலம். மகன் தன்ர தோழனைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் பயந்து வீட்டுக்குள் இருக்கிறான். செத்த தோழனின் தாய் மேல்மாடியில் குடியிருக்கிறவ. அவ அழுதுகொண்டு படியால் இறங்கிப் போகேக்கை, இந்தத் தாய் ஜூனோ இரக்கப்படுகிறா, ஆனால் கொஞ்சமாக. மற்றப் பக்கத்துப் பெடியன்தானே என்று. பிறகு தன்ர மகனையும் கொண்டுபோய்ச் சுட்டபோது, அந்தத் தாய்க்காக நான் ஏன் அன்றைக்குக் காணுமளவு அழவில்லை என்று தன்னைத் தானே கேட்கிறா. பழைய படம், சத்தம் சரியில்லை, நாடகம் மாதிரி இருக்கும். அந்த ஒரு கேள்விக்காகப் பாருங்கோ.

அந்த நாடகத்தை எழுதின ஷோன் ஓ'கேசி ஒரு கூலித் தொழிலாளி. சண்டை ஓய்ந்தது 1923 மே மாதம். நாடகம் மேடையேறினது 1924 மார்ச் மாதம். ஒரு வருசம்கூட ஆகவில்லை. காயம் ஆறட்டும், பிறகு பார்ப்பம் என்று அந்த மனுசன் இருக்கவில்லை.

எங்கட கதையும் படமாகாமல் இல்லை. கென் லோச்சின் படத்துக்கு 2006இல் கான் விழாவில் கிடைத்த அதே தங்கப்பனை விருது 2015இல் 'தீபன்' படத்துக்குக் கிடைத்தது. எங்கட எழுத்தாளர் ஷோபாசக்திதான் அதில் கதாநாயகன். எடுத்தவர் ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சுக்காரர். நல்லது. மற்றவர் எடுக்கட்டும், நாங்களும் எடுக்க வேண்டும். இங்கே கமராவோடு திரிகிற தம்பிமாருக்கு 'வன்ஸ்' என்ற 2007ஆம் ஆண்டுப் படத்தையும் சொல்லுகிறேன். டப்ளின் தெருவில், கொஞ்சக் காசில், மூன்று கிழமைக்குள் எடுத்து, அதன் பாட்டுக்கு ஒஸ்காரும் வாங்கினார்கள். காசில்லை என்பது சாட்டு.

சங்கத்துக்கு என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான். மாதம் ஒரு படம் இந்த மண்டபத்தில் போடுவோம். முடிந்த பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்போம். ஒருவரை ஒருவர் ஏசாமல், துரோகி என்ற சொல்லை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுக் கதைப்போம். எங்களுக்கு மற்றவன் செய்ததைச் சொல்லுகிற படத்தையும் பார்ப்போம், நாங்கள் எங்களுக்குச் செய்ததைச் சொல்லுகிற படத்தையும் பார்ப்போம். இரண்டாவதைப் பார்த்தால் முதலாவது சின்னதாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஐரிஷ்காரருக்கு அப்படி ஆகவில்லை.

முதல் படமாக ஜூனோவைப் போடுவம். அன்றைக்கு வாற ஆருக்காவது ஊரில் அடைத்த ஒரு வேலிப் பொட்டு நினைவுக்கு வந்தால், அதைப் பற்றிக் கதைக்கட்டும். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.